அமைதியுடன் ஏற்றுக்கொண்ட கணவர்

ஜூன் 3, திங்கள் (முதல் நாள்)

இன்று முதல் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாட்கள், துன்பத்தை எதிர்கொள்ள மனத்தைப் பழக்கப்போகிறேன். மாலை போட்டு விரதம் இருக்கிறவர்கள் இருப்பதில்லையா, அதுபோலத்தான். எனக்கு மாலைக்குப் பதில் இந்த நாட்குறிப்பு.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் எங்கள் அச்சகத்துக்குத் தொண்ணூற்றாறு பக்கச் சிறுநூல் ஒன்று வந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் ரோமாபுரியில் இருந்த ஸ்டோயிக் ஞானிகளின் வழியைப் பற்றி, கோயம்புத்தூரில் ஆளுமைப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஒருவர் எழுதியது. பிழை திருத்துகிறவன் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும், விஷயத்தைப் படிக்கக் கூடாது. விஷயத்துக்குள் போனால் பிழை தப்பிவிடும். முப்பத்தொரு வருடமாக நான் அப்படித்தான் வேலை பார்க்கிறேன். நாள்காட்டி, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மத்தாப்புப் பெட்டி லேபிள், எதையும் படித்ததில்லை. இந்த நூலை மட்டும் மூன்றாவது புரூஃபில் படித்துவிட்டேன். எழுதியவர் ஒரு தடவையாவது படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

விஷயம் இதுதான். வரக்கூடிய கெடுதலைத் தினமும் காலையில் பத்து நிமிடம் மனத்துக்குள் நடத்திப் பார்த்துவிட வேண்டும். பிறகு அது நிஜமாகவே வந்து நிற்கும்போது, ஏற்கெனவே பார்த்த சினிமாவை மறுபடி பார்க்கிறவன்போல் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம்.

ராஜகனியிடம் விளக்கினேன். என் மனைவி, கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம். "நல்லத நெனைக்கத்தான எல்லாரும் வெரதம் இருப்பாங்க" என்றாள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குக்கர் கூப்பிட்டது, எழுந்து போய்விட்டாள். தத்துவம் பெண்களிடம் எடுபடாததற்குக் குக்கரும் ஒரு காரணம்.

ஜூன் 4, செவ்வாய்

குளிர்ந்த நீரில் குளிக்கும்படி நூல் சொல்கிறது. சிவகாசியில் ஜூன் மாதம் மொட்டைமாடித் தொட்டியில் குளிர்ந்த நீர் கிடையாது. தோல் உரிகிற சூட்டையும் துன்பமாக ஏற்கலாம் என்று நானே விதியைத் தளர்த்திக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு (ஏழாம் நாள்)

வெறுந்தரையில் படுக்கத் தொடங்கி மூன்று நாளாகிறது. இடுப்பு எனக்குச் சொந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

இன்று எட்டு நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. வழக்கமாக ராஜகனிதான் குடம் குடமாகப் பிடித்து டிரம்மை நிரப்புவாள். இன்று என்னை எழுப்பி, "இடது கையத் தூக்க முடியல, நீங்க பிடிங்க" என்றாள். உடல் வலி என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயம், அதைப் பற்றிய நம் எண்ணம்தான் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். பன்னிரண்டு குடமும் நான்தான் தூக்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். போன மாதத்திலிருந்தே கொஞ்சம் சோம்பலாகத்தான் இருக்கிறாள்.

ஜூன் 14, வெள்ளி

முதலாளி இன்று எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்திவிட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் விடுபட்டுப்போய், அவர் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறாராம். "தனுஷ்கோடி சார், கண்ணு தெரியலைன்னா வீட்ல இருங்க" என்றார். காலையில்தான் 'அவமானம்' என்ற பயிற்சியை முடித்திருந்தேன். முகம் மாறாமல் நின்றேன். உள்ளேயும் எதுவும் அசையவில்லை.

மதியம் அடுத்த வருட நாள்காட்டியின் ராசிபலன் தாள்களைப் பார்த்தேன். முதலாளி பிறந்தநாளன்று அவர் ராசிக்கு ஜோதிடர் 'உயர்வு' என்று போட்டிருந்தார். கையெழுத்து தெளிவாக இல்லை. 'அலைச்சல்' என்று படித்துக்கொண்டேன்.

ஜூன் 19, புதன் (பதினேழாம் நாள்)

ஒரு வாரமாக வீடு முழுக்க நெடி. ராஜகனி இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல் என்று ஜாடி ஜாடியாக அடைக்கிறாள். எதற்கு இத்தனை என்று கேட்டேன். "இருக்கட்டும், கெட்டா போவுது" என்றாள். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். ஒவ்வொரு ஜாடிக்கும் லேபிள் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'ரசப்பொடி. ரெண்டு ஸ்பூன் போதும். புளி நெல்லிக்காய் அளவு. நுரை கட்டியதும் இறக்கவும், கொதிக்க விட வேண்டாம்.'

நான் மனத்தை எதிர்காலத்துக்குத் தயார் செய்கிறேன். இவளோ பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிளகாய் வற்றலை ஒரு ஸ்கேன் சென்டரின் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள். பையின் அச்சில் நீலமும் சிவப்பும் ஒன்றோடு ஒன்று உட்காராமல் விலகி நிற்கின்றன. இந்தத் தரத்தில் அச்சடித்துக் கொடுப்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு (இருபத்தொன்றாம் நாள்)

இன்று ஏழாம் அத்தியாயம்: மிகவும் பிரியமானவரின் மரணம். நூலிலேயே கடினமான பயிற்சி. காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ராஜகனியை இறக்க வைத்தேன்.

முதல் இரண்டு நிமிடம் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பிறகு பந்தல்காரருக்குச் சொல்ல வேண்டுமே, ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டுமே என்ற யோசனை வந்து சரியாகிவிட்டது. ஏழாவது நிமிடம் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பத்தாவது நிமிடம் நான் தனியாகக் காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன், அமைதியாக.

இந்த வெற்றியை அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. அடுக்களைக்குப் போய்ச் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அழுதீங்களா?"

இல்லை என்றேன்.

"கொஞ்சங்கூடவா?"

அதுதானே பயிற்சி என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு இரண்டு காயை நறுக்கினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். முருங்கைக்காய் நறுக்கினால் கண் எரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. "ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன். சரி, பெறகு சொல்றேன்" என்றாள். நாட்குறிப்பு எழுத வேண்டியிருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

ஜூன் 27, வியாழன்

திங்கட்கிழமை மதுரைக்குப் போய்த் தன் அக்கா தங்கக்கனி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறாளாம். போகட்டும். பிரிவும் ஒரு பயிற்சி.

சிலிண்டர் மாற்ற எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று தடவை கழற்றி மாட்ட வைத்தாள். மாத்திரை எந்த டப்பா, பால்காரர் நம்பர் எது, என் வெள்ளைச் சட்டைகளை எந்தத் தேய்ப்புக் கடையில் கொடுப்பது என்றெல்லாம் வரிசையாகச் சொன்னாள். ஒரு வாரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். கவலைப்படும் சுபாவம் அவளுக்கு.

பிறகு ஏதோ ஒரு மருத்துவமனைப் படிவத்தை நீட்டி, "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். எதற்கு என்றேன். "அதுலயே போட்டிருக்கு" என்றாள். படித்தேன். அச்சில் இரண்டு பிழை. இரண்டையும் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 1, திங்கள்

பஸ் ஏற்றிவிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்து, "ரசத்தைக் கொதிக்க விட்றாதீங்க" என்றாள். ஒருவர் கடைசியாகச் சொல்லும் வார்த்தை இப்படியும் இருக்கலாம் என்று பயிற்சிக்காக நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை எனக்கு. நல்ல முன்னேற்றம்.

ஜூலை 2, செவ்வாய் (முப்பதாம் நாள்)

வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மேசையில் ஒரு புதிய பயிற்சி செய்தேன். இது நூலில் இல்லை. என் சொந்தக் கண்டுபிடிப்பு. ரோமாபுரிக்காரர்களுக்குச் சுவரொட்டி கிடையாதே.

நம் ஊரில் ஒருவர் இறந்தார் என்பது சுவரில் ஏறினால்தான் முழுமை பெறுகிறது. ஆகவே ராஜகனிக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதினேன். அச்சகத்தின் வழக்கமான படிவத்தில், வழக்கமான கட்டத்துக்குள். அரைகுறை வேலை எனக்கு ஆகாது என்பதால் பர்ஸில் இருந்த அவள் போட்டோவையும் ஒட்டினேன். கீழே எப்போதும் வரும் 'துயரத்தில் வாடும்' என்ற வரியில் கை நின்றது. ஞானி எதற்கு வாட வேண்டும்? அடித்துவிட்டு 'இறப்பை அமைதியுடன் ஏற்றுக்கொண்ட கணவர் ஆ. தனுஷ்கோடி' என்று எழுதினேன். அளவு கச்சிதமாக ஒரே வரியில் உட்கார்ந்தது.

மறுபடி ஒரு தடவை பிழை பார்த்தேன். ஒன்றும் இல்லை. முப்பது நாளில் இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. மேசையை ஒழுங்குபடுத்திவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். கொதித்துவிட்டது.

ஜூலை 3, புதன்

இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 4, வியாழன். மதுரை, மருத்துவமனை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பினேன். தெருமுனை டீக்கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மண்டலம் என் முகத்தில் ஏதோ தேஜஸைக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்துத் தலையசைத்துவிட்டு நடந்தேன். பஸ் நிறுத்தத்துச் சுவரில் ராஜகனி இருந்தாள். பக்கத்தில் இன்னொரு ராஜகனி. மின்கம்பத்தில் ஒன்று. பசை காயாமல் வழிந்துகொண்டிருந்தது.

தவறு என்னுடையதுதான். எங்கள் அச்சகத்தில் சாவு வேலைக்கு வரிசை கிடையாது. காலை ஆறு மணிக்கு மிஷின் ஓடியதும் முதலில் ஏறுவது அதுதான். துக்க வீட்டாரைக் காக்க வைக்கக் கூடாது என்பதால் யாரும் கேள்வியும் கேட்பதில்லை. 'அச்சிடலாம்' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். முந்தின நாள் மாலை பிழை பார்த்து முடித்த கையோடு, முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, முடிந்த வேலைகளுக்கான தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மிஷின்மேன் சவரிமுத்து அதை எடுத்துப் பார்த்து அழுதிருக்கிறார். பெண்டாட்டிக்குத் தானே எழுதித் தானே பிழையும் பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே, என்ன மனத்திடம் என்று நல்ல தாளாகப் பார்த்து ஏற்றியிருக்கிறார். முதலாளி நூறு போதாது, இருநூறு போடுங்கள் என்று சொல்லி, ஒட்டவும் ஆள் அனுப்பினாராம். இப்படி நிற்கிற மனிதரைப் போனில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் சொல்லி, அச்சகத்துக்கு அரைநாள் விடுமுறை விட்டு, எல்லோரும் மாலையோடு வேறு வழியாக என் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் சுவரொட்டியைக் கிழிக்கப் போனேன். அப்போது ராஜகனியின் தம்பி பொன்ராம் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் கண்ணீர்.

"ஏழரைக்குத்தான் தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்கன்னு தங்கக்கா சொன்னா. மார்புல சின்னக் கட்டி, எடுத்தாச் சரியாப் போயிரும்னுதான அத்தான் டாக்டர் சொன்னாரு."

எந்தக் கட்டி என்று கேட்டேன்.

அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எந்தப் பத்து நிமிடத்திலும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

இது என் கிறுக்குத்தனம், நான்தான் எழுதினேன், ராஜகனிக்கு ஒன்றும் இல்லை என்று அவனுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் ஒன்றும் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? ராஜகனியின் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. தங்கக்கனிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இருபது தடவை. என் சொந்தக் கையெழுத்தில் எழுதிய பொய், அந்த நிமிடம் சுவரில் இருந்து என்னைப் பார்த்து நிஜமாக மாறிக்கொண்டிருந்தது.

பொன்ராமின் காரில் மதுரைக்குப் போனோம். அந்தத் தொண்ணூற்றாறு பக்கத்தில் எந்தப் பக்கத்தில் எத்தனை பிழை இருந்தது என்று இப்போதும் சொல்வேன். ஆறுதலாக ஒரு வரி தேடினேன், ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ரசத்தைக் கொதிக்க விட்றாதீங்க என்பது மட்டும்தான் ஓடியது. வழியெல்லாம் ஐயோ ராஜகனி, ஐயோ ராஜகனி என்று சொல்லிக்கொண்டே வந்தேன் என்று பொன்ராம் சொல்கிறான். எனக்கு நினைவில்லை. சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது தங்கக்கனி கூப்பிட்டாள். தியேட்டர் வாசலில் போனை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்களாம். கட்டியை எடுத்துவிட்டார்களாம், ராஜகனி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம். நான் கதவைத் திறந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். பின்னால் நின்ற லாரிக்காரர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது, "சாப்டீங்களா?"

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மயக்கம் முழுதாகத் தெளியாத குரலில் சொன்னாள்: "சொல்லத்தான் வந்தேன். நீங்க எனக்குக் காரியம் முடிச்சுட்டுக் காபி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

நர்ஸ் ஏதோ கேட்க வந்தவர் கோப்பைத் திறந்தார். மேலேயே அந்தப் படிவம் இருந்தது. அறுவை சிகிச்சைக்குக் கணவரின் சம்மதம். என் கையெழுத்து. இரண்டு இடத்தில் சிவப்பு மை. "சார் டீச்சரா?" என்று கேட்டார்.

ஜூலை 6, சனி

பொன்ராம் ஊருக்குப் போய்ச் சுவரொட்டிகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். சவரிமுத்து கூடவே வாளித் தண்ணீரோடு போகிறாராம். துக்கம் கேட்க வந்தவர்கள், கொண்டுவந்த மாலையைத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்று எங்கள் வீட்டுக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினொரு மாலை. முதலாளி போன் செய்து ஐந்து நிமிடம் திட்டினார். பிறகு, தங்கச்சிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

திரும்பிப் போனதும் அவர் பிறந்தநாள் தாளில் 'உயர்வு' என்று மாற்றிவிட வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை தெரியும். காலையில் பத்து நிமிடம் உட்காரும் பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது இருபத்து நான்கு மணி நேரமும் அதுதான் நடக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

புற்றுதான். ஆரம்பக் கட்டம், பரவவில்லை, நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். பார்த்தது அவள்தான், நான் இல்லை. பதினைந்து தடவை கதிர்வீச்சு வைக்க வேண்டும். ராஜகனி எந்த வார்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும், பஸ்ஸில் வந்து போகலாமா என்று கேட்டு மனத்தில் குறித்துக்கொண்டாள். டாக்டர் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்த, அவள் அதை என் பக்கம் நகர்த்தினாள்.

ஜூலை 20, சனி (நாற்பத்தெட்டாம் நாள். சிவகாசி)

புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். மண்டலம் இன்றோடு முடிகிறது. கட்டிலில்தான் படுக்கிறேன். ஜாடியில் எழுதியிருக்கிறபடி வைத்ததில் இன்று ரசம் நன்றாக வந்தது. முதல் தடவையாக அந்த லேபிள்களைப் படித்தேன். விஷயத்தைப் படித்தேன். ஒவ்வொன்றும் நான் தனியாக இருந்தால் எப்படிச் சாப்பிடுவேன் என்று அவள் யோசித்தது. நான் அவள் இல்லாத வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அவள் அதே வீட்டைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் அந்தச் சுவரொட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பொன்ராமிடம் சொல்லி ஒன்றை மறைத்து வைத்திருக்கிறாள். மடியில் விரித்துப் போட்டு நிதானமாகப் படித்தாள். போட்டோ நன்றாக இருக்கிறதாம், அந்தப் புடவை இப்போது எங்கே என்று தெரியவில்லையாம். கடைசி வரிக்கு வந்து நின்றாள்.

"இது யாரு, அமைதியுடன் ஏற்றுக்கொண்ட கணவர்? சுங்கச்சாவடியில தரையில உக்காந்து அழுதவரு வேறயா?"

மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தப்பா இருக்குல்ல. திருத்துங்க."

அந்த வரியை அடித்தேன். மேலே 'துயரத்தில் வாடும்' என்று எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதையும் அடித்துவிட்டு, 'இவள் இல்லாமல் இருக்கத் தெரியாத கணவர்' என்று எழுதினேன். ஒரே வரியில் உட்காரவில்லை; ஓரத்தில் ஏறி வளைந்து போனது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டு தடவை படித்தாள். "இப்பச் சரி" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

பழக்கதோஷம், என் கை தானாகத் தாளின் அடிப்பக்கம் போய்விட்டது. 'அச்சி' வரை எழுதிவிட்டேன். ராஜகனி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல. தண்ணி வந்துருச்சு, போயிக் கொடத்தப் பிடிங்க."

பதினான்கு குடம் பிடித்தேன்.